பொன்னுக்கு வீங்கி வந்த வாரம்

விசிலடித்துக்கொண்டே பல் தேய்க்க ஒரு மனிதனால் முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் அட்டவணை நம்பியிருக்கமாட்டான். ஏழு வாரமாகத் தினமும் காலை ஆறே முக்காலுக்கு அதைத் தன் காதாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறான். நுரை ததும்பும் வாயோடு, பிரஷ்ஷைக் கடைவாய்க்கு ஒதுக்கிவிட்டு, பல்லிடுக்கு வழியாக ஒரு கீர்த்தனையின் மூன்றாவது அடி வரும். எப்போதும் மூன்றாவது அடிதான். முதல் இரண்டும் எங்கே போயின என்று தெரியாது. நான்காவது வருவதே இல்லை.

"பாட்டை முடிச்சுத் தொலையேன்டா."

"முடிச்சிட்டா அப்புறம் என்ன அடிக்கிறது?" என்று வாயைக் கொப்பளித்துவிட்டுக் கேட்டான் விசில். அவனுக்குக் கோபமே வராது. அதுவும் ஒரு தொல்லை.

அட்டவணை, விசில் இரண்டும் பெற்றவர்கள் வைத்த பெயர்கள் அல்ல என்று சொல்லத் தேவையில்லை. மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் மிஷனரிகள் இருவரும். வீடு வாசலை விட்டு, மூன்று நாள் ரயில் தூரத்தில், இரண்டு வருஷ ஊழியத்துக்கு வந்தவர்கள். பயிற்சி நிலையத்தில் மற்ற பையன்கள் வேடிக்கையாக வைத்த பட்டப்பெயர்கள் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. சட்டைப் பையில் தொங்கும் கறுப்புப் பட்டையிலோ 'எல்டர்' என்று இருக்கும். எல்டர் என்றால் மூப்பர். அட்டவணைக்கு இருபது வயது. விசிலுக்குப் பத்தொன்பது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. பட்டையைப் படித்துவிட்டு முகத்தைப் பார்ப்பவர்கள், மறுபடி பட்டையைப் படிப்பார்கள்.

மிஷனில் விதிகள் நிறைய. ஆறரைக்கு எழ வேண்டும். அரை மணி உடற்பயிற்சி. எட்டிலிருந்து பத்து வரை வேதம், பாடம். பத்துக்கு வெள்ளைச் சட்டை, டை, தெரு. ராத்திரி ஒன்பதுக்கு வீடு. திங்கட்கிழமை துணி துவைக்க, வீட்டுக்குப் போன் பேச. இவை எதிலும் அட்டவணைக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. முதல்நாள் மாலையே மறுநாளை அரைமணி அரைமணியாகப் பிரித்து எழுதிச் சுவரில் ஒட்டுகிற ஆள் அவன். அவனைப் படுத்தியது ஒரே விதி: ஜோடியாளை விட்டுப் பிரியவே கூடாது. பார்க்கிற தூரத்தில், கேட்கிற தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். குளியலறை மட்டும் விலக்கு. விசில் விஷயத்தில் அந்த விலக்கும் பயன்படவில்லை. கதவைத் தாண்டி மூன்றாவது அடி கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

தெருவில் மட்டும் என்ன வாழ்கிறது? ஒரு நாளைக்கு அறுபது கதவு தட்டினால் நாற்பது திறக்காது. திறக்கிற இருபதில் பதினைந்து, "வாட்டர் ஃபில்டர் ஏற்கெனவே வாங்கியாச்சு" என்று சாத்திக்கொள்ளும். வெள்ளைச் சட்டையும் டையும் போட்டு ஜோடியாக வருகிறவர்கள் வேறு எதை விற்பார்கள்? மிச்சம் ஐந்தில் மூன்று வீட்டில் உட்காரச் சொல்லி டீ கொண்டு வருவார்கள். டீயும் காபியும் சபையில் விலக்கு, குடிக்கமாட்டோம் என்று சொன்னதும் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போகும். அந்த முகத்தைத் தூக்கி நிறுத்தவே கால் மணி போகும், அதற்குள் விசில் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து காகித ராக்கெட் செய்துகொண்டிருப்பான். அட்டவணை மனப்பாடம் செய்துவந்த முதல் பாடம் தொண்டையிலேயே நிற்கும்.

விசிலோடு ஏழு வாரம், அதற்கு முன் வேறு ஜோடியாட்களோடு, ஆகமொத்தம் பதினான்கு மாதம் இப்படி. இந்தப் பதினான்கு மாதத்தில் அட்டவணை ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுத்ததில்லை. கூட வந்தவர்களில் ஒருவன் ஆறு, இன்னொருவன் நான்கு. இதையெல்லாம் எண்ணக்கூடாது என்று மிஷன் தலைவர் சொல்லியிருந்தார். எண்ணக்கூடாது என்று சொன்ன பிறகுதான் எண்ணிக்கை இன்னும் துல்லியமாக ஞாபகம் இருந்தது.

கடைசியில் கிடைத்தவர் சலூன்காரர்.

மாதம் ஒரு முறை முடி வெட்டப் போகிற கடைதான். இரண்டு நாற்காலி, ஓரத்தில் விரிசல் விட்ட ஒரு கண்ணாடி, ஓயாத ரேடியோ. நான்கு மாதத்துக்கு முன்னால், காதோரம் கத்தரி ஓடிக்கொண்டிருந்தபோது, "செத்ததுக்கு அப்புறம் என்ன தம்பி ஆகும்? உங்க ஆளுங்க என்ன சொல்றாங்க?" என்று அவரே கேட்டார். மனைவியை இழந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேட்ட விதத்தில் விளையாட்டு இல்லை. அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் பாடம் அந்தக் கடையிலேயே நடந்தது. அவர் ஒரு கேள்வி கேட்பார், அட்டவணை பதில் சொல்வான், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர், "அதெப்படி தம்பி?" என்று குறுக்கே புகுவார். சலூன்காரர் கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வார். பாடம் ஒரு பக்கம் நகர ஒரு மணி நேரம் ஆகும். அட்டவணைக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம்போல இருக்கும். ஆனால் மனிதர் அவர்கள் கொடுத்த மார்மன் வேதப் புத்தகத்தைப் படித்தார். முழுக்கப் படித்தார். ஒரு நாளைக்குப் பதினொரு டீ குடித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "இனிமே எனக்கு வேணாம், கடைக்கு வர்றவங்களுக்கு மட்டும் கொடு" என்று சொல்லிவிட்டார். சிகரெட்டும் போயிற்று. நாற்பது நாளாகக் கடைக்கு வருகிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அதுவே நல்ல அறிகுறி என்றான் அட்டவணை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. வெளியூரில் வேலை பார்க்கும் அவர் மகளுக்கு அந்த இரண்டு நாள்தான் லீவு கிடைத்தது. அப்பா எந்தக் குழியில் விழப் போகிறார் என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறாள் என்று அவரே சொன்னார்.

"அவ வரும்போதுதான் நடக்கணும். தண்ணியில என்னை முக்குறது நீதான். அந்த வட்டாரத் தலைவன் வந்து நின்னான்னா நான் எழுந்து போயிடுவேன். அவனுக்குத் தலை சீவவே தெரியல."

வட்டாரத் தலைவன் அந்தப் பகுதி மிஷனரிகளுக்கெல்லாம் பொறுப்பான இன்னொரு எல்டர். அட்டவணை அந்தச் சனிக்கிழமையை மட்டும் தனித் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். 'காலை 11: சபைத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடல் (வட்டாரத் தலைவன்; நிரம்ப மூன்று மணி நேரம்). 4.10: பேருந்து. 5.00' என்று எழுதி, ஐந்துக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டான். எழுதக் கை வரவில்லை.

திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும் சத்தம் மட்டும் வந்தது. விசில் வரவில்லை. அட்டவணை ஒரு நிமிஷம் அந்த நிம்மதியை அனுபவித்தான். பிறகு விசில் குளியலறையிலிருந்து வெளியே வந்து நின்றான். வலது கன்னம் காதடியிலிருந்து தாடை வரை உப்பி, முகமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதுபோல இருந்தது.

"வாயைக் குவிக்க முடியலடா," என்றான்.

மிஷனின் நர்ஸம்மா நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து போனில் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். எச்சில் விழுங்கச் சொன்னார்.

"பொன்னுக்கு வீங்கி. சந்தேகமே இல்ல. சின்னப் பசங்ககூட இருந்தியா?"

சபையில் மூன்று வாரத்துக்கு முன் ஞாயிறு வகுப்பில் ஒரு வாண்டு தாடை வீங்கி வந்திருந்தது. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றியவன் விசில்தான். 'விளையாட்டு நேரம் 10 நிமிடம்' என்று அட்டவணை எழுதிக் கொடுத்திருந்தும் அரை மணி சுற்றினான்.

"அஞ்சு நாள் வெளியே போகக் கூடாது. பெரியவங்களுக்கு வந்தா கொஞ்சம் கடுமையா இருக்கும், படுக்கையிலேயே இருக்கணும். உனக்குச் சின்ன வயசுல வந்திருக்கா?" என்று அட்டவணையைக் கேட்டார் நர்ஸம்மா.

"வந்திருக்கு. ரெண்டாம் வகுப்பு."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அப்ப நீயே கூட இருந்து பார்த்துக்க."

வட்டாரத் தலைவனையாவது மாற்றி அனுப்பலாமே என்று அட்டவணை கேட்டுப் பார்த்தான். வட்டாரத் தலைவனுக்கும் அவன் ஜோடியாளுக்கும் வந்ததில்லை, தடுப்பூசி போட்டதற்கும் சீட்டு இல்லை. இரண்டாம் வகுப்பில் தான் படுத்த படுக்கைக்காக அட்டவணை முதல்முறையாக மனம் நொந்தான். பிறகு விரல்விட்டு எண்ணினான். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஐந்து. சனிக்கிழமை கிடைக்கிறது.

"சனிக்கிழமை காலையில ஜுரம் இல்லேன்னா போகலாமா?"

"ஜுரம் இல்லேன்னா போகலாம்," என்றார் நர்ஸம்மா. அந்த 'இல்லேன்னா'வைப் பிடித்துக்கொண்டு அவன் ஐந்து நாளைக் கடந்தான்.

மாடியில் ஒரே அறை. இரண்டு கட்டில், முதுகோடு முதுகு ஒட்டிப் போட்ட இரண்டு மேஜை, எதிர்க் கிடங்கின் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். அட்டவணை தினமும் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, டை கட்டிக்கொண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தான். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. விசில் கஞ்சியைச் சூடாகக் கேட்டான், ஆறவைத்துக் கேட்டான், தலையணையைத் திருப்பிப் போடச் சொன்னான், திருப்பிய தலையணை முன்னைவிட மோசம் என்றான். மெல்ல முடியாமல் எல்லாவற்றையும் கரைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா படியின் பாதியில் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு, "எடுத்துக்கங்க, நான் உள்ள போன பிறகு எடுத்துக்கங்க" என்று கதவைத் தாளிட்டுக்கொள்வார்.

இது போதாதென்று சலூன்காரர் கடைக்கும் வீட்டுக்கும் போகும்போதெல்லாம் ஜன்னலுக்குக் கீழே நின்று தெருவே கேட்க விசாரித்தார்.

"தம்பி! வீக்கம் இறங்கிச்சா?"

"கொஞ்சம் பரவால்லண்ணே!"

"எந்தப் பக்கம்?"

"இப்ப இடது பக்கமும் வந்துடுச்சுண்ணே!"

"ரெண்டும் சமமா ஆயிட்டா பார்க்கிறதுக்கு நல்லாயிருக்கும்!"

"தெருவுல நின்னு என்ன கூச்சல்?" என்று வீட்டுக்கார அம்மா கீழிருந்து கூச்சலிடுவார்.

புதன்கிழமை விசிலுக்கு ஜுரம் நூற்றுமூன்று ஏறியது. கண்ணை மூடிக்கொண்டே ஒரு தடவை "அம்மா" என்றான். திங்கட்கிழமை வீட்டுக்குப் பேசும் நாளில், இந்த முகத்தைக் காட்டமாட்டேன் என்று போனைத் தொடவில்லை. அடுத்த திங்கள்தான் முறை. அட்டவணை அலமாரியில் இருந்த விதிப் புத்தகத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான். யாரையும் கேட்காமல் எண்ணைத் தட்டினான்.

திரையில் வந்த அம்மா மகனைப் பார்த்ததும் முதலில் சிரித்துவிட்டார். "யாருப்பா இது, எம் புள்ளையா? பன்னு மாதிரி ஆயிட்டானே!" சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஒத்தடம் எப்படிக் கொடுப்பது, எத்தனை மணிக்கொரு தரம் தண்ணீர் கொடுப்பது என்று வரிசையாகச் சொன்னார். அட்டவணை குறித்துக்கொண்டான்.

"நீதானே தம்பி அந்த அட்டவணை? உன்னைப் பத்தித்தான் எப்பவும் பேசுவான்."

"என்னம்மா சொல்லுவான்?"

"தூங்கும்போதுகூட ரெண்டு காலையும் ஒட்டி வச்சு ரூல்தடி மாதிரிப் படுப்பியாமே." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வந்த புதுசுல, வீட்டுக்கு வந்துடறேம்மா, என்னால முடியலன்னு அழுதான். அப்புறம் உன்கூடப் போட்டாங்க. சுவத்துல எழுதி ஒட்டியிருக்காம்மா, காலையில எழுந்தா என்ன செய்யணும்னு தெரியுது, இருந்துடறேன்னான்."

அட்டவணை போனை வைத்த பிறகு ஒத்தடம் கொடுத்தான். இனி இவன்மேல் முழு மனதாக எரிச்சல்படவும் வழியில்லை என்று தோன்றியது. அது தனி எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜுரம் விட்டது. வீக்கம் வடிந்தது. சனிக்கிழமை காலை வெப்பமானி தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு காட்டியது. அட்டவணை அதைப் படம் பிடித்து நர்ஸம்மாவுக்கு அனுப்பினான். அவர் 'சரி, ஜாக்கிரதை' என்று அனுப்பினார். அவன் இரண்டு பேரின் சட்டைகளையும் தானே இஸ்திரி போட்டான். ஞானஸ்நானத்துக்கான வெள்ளை உடுப்பைப் பையில் வைத்தான். சொல்ல வேண்டிய ஜெப வாசகத்தைக் கண்ணாடி முன் நின்று இருபது தடவை சொல்லிப் பார்த்தான். ஒரு சொல் பிசகினாலும், முங்குகிறவரின் ஒரு விரல் தண்ணீருக்கு மேலே தெரிந்தாலும் மறுபடி செய்ய வேண்டும், சலூன்காரரின் முழுப் பெயரோ தாத்தா பெயர் வரை நீளம்.

விசில் பேசவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்தவன், மெதுவாக எழுந்து, மெதுவாகச் சட்டை போட்டான். பேன்ட் போட வெகுநேரம் பிடித்தது.

"நாலு மணிடா. பஸ்ஸை விடப் போறோம்."

"வரேன், வரேன்."

தெருவில் இறங்கியதும் ஆரம்பித்தது. விசில் கால்களை அகட்டி அகட்டி, நீர் நிறைந்த தட்டைத் தலையில் சுமப்பவன்போல நடந்தான். நான்கு எட்டு வைத்தால் நிற்பான். அட்டவணை முன்னே போய், திரும்பி வந்து, மறுபடி முன்னே போனான்.

"எதுக்குடா இப்படி நடக்குற? வாத்து மாதிரி!"

"ஒண்ணுமில்ல. நீ நட."

"கன்னம்தானே வீங்குச்சு, காலா வீங்குச்சு?"

"நீ நட, நான் வந்துடறேன்."

"நான் எப்படி முன்னாடி போக முடியும்? போக முடிஞ்சா என்னைக்கோ போயிருக்கமாட்டேனா?" அட்டவணையின் குரல் உயர்ந்துவிட்டது. நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பதினாலு மாசம்! பதினாலு மாசம் ஒவ்வொரு கதவாத் தட்டி ஒரே ஒரு ஆள். அதையும் உன் விளையாட்டால கெடுக்கப் பார்த்த. அஞ்சு நாள் உனக்குக் கரைச்சு ஊத்தினேன். பத்து நிமிஷம் ஒழுங்கா நடக்கமாட்டியா?"

பேருந்து வந்து நின்றது. அட்டவணை ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினான். விசில் நடைபாதை ஓரத்தில் மடங்கி உட்கார்ந்திருந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. பல் கிட்டி நடுங்கினான்.

"ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் நடத்துநர்.

"என்னடா ஆச்சு?"

"கீழ..." விசில் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கீழ வீங்கியிருக்குடா. விடியக்காலையிலருந்தே. தாங்க முடியல."

"கீழன்னா எங்க?"

விசில் குனிந்து தன் மடியைப் பார்த்தான். அட்டவணைக்குப் புரிந்துவிட்டது.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ போகமாட்டியே."

அட்டவணை படியிலிருந்து காலை எடுத்தான். பேருந்து போயிற்று. அவன் அதையும் பார்த்தான், கீழே உட்கார்ந்திருப்பவனையும் பார்த்தான். ஓங்கி எதையாவது உதைக்கலாம்போல வந்தது. தொட்டுப் பார்த்தால் நெற்றி கொதித்தது. ஒரு டாக்சியை மறித்து, தோள் கொடுத்து ஏற்றினான். வண்டி திரும்பும்போது வட்டாரத் தலைவனுக்குப் போன் செய்தான்.

"தொட்டி நிரம்பிடுச்சு. எல்லாரும் வந்தாச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

"நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்." விசிலின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். "நீங்களே பண்ணிடுங்க. முழுப் பெயர் அவர் கொடுத்த தாள்ல இருக்கு. தலை சீவிட்டுப் போங்க."

"என்ன?"

"ஒண்ணுமில்ல," என்று வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் பதிவுச் சீட்டு எழுதும் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

"கூட ஊழியம் செய்றவன்."

"உறவுன்னு கேட்டா உறவைச் சொல்லணும். அண்ணனா, தம்பியா?"

"ரெண்டும் இல்ல. எல்டர்."

"மூத்தவரா? அப்ப அண்ணன்னு போட்டுக்கிறேன். என்ன தொந்தரவு?"

அட்டவணை திரும்பிப் பார்த்தான். பின்னால் வரிசையில் இரண்டு பெண்கள் நின்றார்கள். சக்கர நாற்காலியில் இருந்த விசில் கூரையைப் பார்த்தான்.

"பொன்னுக்கு வீங்கி வந்தது," என்றான் அட்டவணை. "இப்ப... இடம் மாறி வந்திருக்கு."

அந்த அம்மா இருபது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் எழுதிக்கொண்டு, "ஆம்பளைங்களுக்கு வரும். பயப்பட வேணாம். மூணாவது அறை" என்றார்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். தனி அறையில் படுக்கவைத்து, குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு, ஐஸ் பையைத் துண்டில் சுற்றி அட்டவணையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை உரிய இடத்தில் வைத்துக்கொள்ளும் பொறுப்பை விசில் தானே ஏற்றுக்கொண்டான். சுவர்க் கடிகாரம் ஐந்து பத்து காட்டியது. அட்டவணை ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்தான். இந்நேரம் தண்ணீரில் இறங்கியிருப்பார்கள். கண் கலங்கியது. எழுந்து போகலாம் என்றால் எங்கே போவது? பார்க்கிற தூரம், கேட்கிற தூரம். சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"என்மேல ரொம்பக் கோபமா?" என்றான் விசில்.

"ஆமா."

"சரி," என்றான் விசில். கொஞ்ச நேரத்தில் ஊசி வேலை செய்து, தூங்கிவிட்டான்.

ஆறரை மணிக்கு நடைவழியில் பெருங்குரல் கேட்டது. "எனக்கு அஞ்சு வயசுலயே வந்து போயிடுச்சும்மா, என்னை ஒண்ணும் பண்ணாது, விடுங்க." சலூன்காரர் உள்ளே வந்தார். தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. பின்னால், முகக்கவசம் போட்ட மகள் வாசலோடு நின்றுகொண்டாள்.

"மூணு தடவை தம்பி!" என்றார் வந்த வேகத்தில். "மூணு தடவை முக்கினான். முதல் தடவை எங்கப்பா பேரை விட்டுட்டான். ரெண்டாவது தடவை என் கால் கட்டைவிரல் மேல வந்துடுச்சாம், ரெண்டு சாட்சிக்காரங்களும் கையைத் தூக்கிட்டாங்க. மூணாவதுல மூக்குல ஏறிடுச்சு. என் பொண்ணு எந்திரிச்சு நின்னு, எங்கப்பாவைக் கொல்லப் பார்க்கிறீங்களான்னு கேட்டுட்டா."

அட்டவணை சிரிக்கவில்லை. "எழுந்து போயிடுவேன்னீங்க?"

"போகலாம்னுதான் இருந்தேன். டாக்சியிலருந்து நீ போன்ல பேசினதை அவன் சொன்னான். அப்புறம் எப்படிப் போறது?" படுக்கையில் தூங்குகிறவனை எட்டிப் பார்த்தார். "எப்படி இருக்கான்?"

"ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க."

வாசலில் நின்ற மகள் முதல் முறையாகப் பேசினாள். "ஒண்ணு கேட்கலாமா? இதுக்குத்தானே ரெண்டு வருஷம் வீட்டை விட்டு வந்திருக்கீங்க. வந்த இடத்துல இதுவும் கைவிட்டுப் போச்சு. கோபம் வரலையா? இல்ல, அதுக்கும் உங்களுக்கு அனுமதி இல்லையா?"

பாடத்தில் இதற்கு ஒரு பதில் இருந்தது. அட்டவணைக்கு அது மனப்பாடமும்தான். "வருது," என்றான். "ரொம்ப வருது. அவன்மேல வருது, வட்டாரத் தலைவர்மேல வருது, ரெண்டாம் வகுப்புல எனக்கு இது வந்ததுமேலகூட வருது."

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். "இப்பத்தான் மனுஷன் மாதிரிப் பேசுறீங்க. அப்பா சொல்றதைக் கேட்டு, மெஷின் ஏதோ வந்து பேசிட்டுப் போகுதுன்னு நினைச்சேன்."

"இன்னொண்ணு மிச்சம் இருக்கு தம்பி," என்றார் சலூன்காரர். "அடுத்து தலையில கை வச்சு ஜெபம் பண்ணுவீங்களே, சபையில சேர்க்கிறதுக்கு. நாளைக்கே பண்ணிடலாம்னான் உங்க வட்டாரத் தலைவன். நான் முடியாதுன்னுட்டேன்."

"ஏன்?"

"இருபத்தெட்டு வருஷமா ஊரார் தலையிலெல்லாம் நான் கை வச்சிருக்கேன். என் தலையில எவன் கை வைக்கணும்னு நான் சொல்லக்கூடாதா? முக்கினது எவனா இருந்தாலும் போகுது, தண்ணிக்குள்ள கண்ணை மூடிக்கிட்டேன். தலை விஷயத்துல நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை. இவனும் எந்திரிச்சு வந்து பக்கத்துல நிக்கட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக் கூடத்தில், முன்வரிசைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டார்கள். சலூன்காரர் வந்து உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் கழுத்தில் துண்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். மகள் லீவு முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். ஆனாலும் போனில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள், வீட்டுக்கார அம்மா அதைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் எதற்கு வந்தார் என்று அவரே சொல்லவில்லை. வட்டாரத் தலைவன் தலையை நன்றாகச் சீவியிருந்தான். அட்டவணை சலூன்காரரின் தலையில் கை வைத்தான், விசில் அவனுக்கு வலது பக்கம் வந்து நின்று, தன் கையையும் வைத்தான்.

அட்டவணை முழுப் பெயரையும் சொன்னான். தாத்தா பெயர் வரைக்கும் ஒன்றும் விடவில்லை. அதற்கு மேல் ஜெபத்துக்கு எழுதிவைத்த வாசகம் கிடையாது, மனதில் வருவதைச் சொல்ல வேண்டும். ஏதும் வரவில்லை. கைக்குக் கீழே எண்ணெய் தடவிய தலை சூடாக, அசையாமல் காத்திருந்தது. மனைவி போன இந்த இரண்டு வருஷமாக வீட்டில் ஒரே ஒரு தட்டு வைத்துத் தனியாகச் சாப்பிடுகிற மனிதர் என்பது அப்போதுதான் அவனுக்கு நிஜமாகவே உறைத்தது. அதைப் பற்றித்தான் பேசினான். எவ்வளவு நேரம் பேசினான் என்று தெரியாது. ஆமென் சொல்லிக் கையை எடுத்தபோது சலூன்காரரின் மூக்கு நுனி சிவந்திருந்தது.

அவர் எழுந்து, வழக்கப்படி எல்லாரோடும் கைகுலுக்கிவிட்டு, கடைசியில் அட்டவணையிடம் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கை ரொம்ப நடுங்குது தம்பி," என்றார். "என் கடையில இப்படி நடுங்கினா ஒரு நாள்கூட வேலைக்கு வச்சிருக்கமாட்டேன்."

"முதல் தடவைண்ணே," என்றான் அட்டவணை.